மூணு பேர் பாதை

"காபியைக் கொட்டிட்டு ஏறுங்க. கண்ணாடியை இறக்கக் கூடாது."

ஹார்லன் கிழவர் வாயிலிருந்து தினமும் வருவது இவ்வளவுதான். டெனிஸ் பாதிக் காபியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பின்சீட்டில் மரிசோல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பார்த்தியா? நம்ம ரெண்டு தலையைக் காட்டித்தான் மனுஷன் சுங்கம் கட்டாம பறக்கிறார். ஒரு குட்மார்னிங்குக்குக் கூடவா பஞ்சம்?" என்று கிசுகிசுத்தாள்.

காரில் மூன்று பேர் இருந்தால் விரைவுப் பாதை இலவசம். அதற்காகவே, தனியாக ஓட்டி வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத இரண்டு பேரைக் காசு வாங்காமல் ஏற்றிக்கொள்வார்கள். உள்ளே எத்தனை தலை என்று கேமரா எண்ணிவிடும். ஓட்டுகிறவர் பேசாமல் ஏறுகிறவர் பேசக் கூடாது என்பது வரிசையின் பழைய சட்டம்.

அந்த வரிசைதான் ஒரு காலத்தில் எப்படி இருந்தது! வர்ஜீனியாவின் அந்தக் கார் நிறுத்தத்தைச் சுற்றி அனுமார் வாலாக நீளும். ஒவ்வொரு காராக வந்து, "பென்டகன், ரெண்டு பேர்!" என்று கூப்பிடுவார்கள். மழை வந்தால் முன்பின் தெரியாதவர் குடைக்குள் ஒதுங்கலாம். அங்கே பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட உண்டு. நினைத்தாலே டெனிஸுக்கு ஏக்கமாக இருந்தது.

கொரோனா வந்தது. ஆபீஸெல்லாம் வீட்டுக்குப் போனது, கார்களும் போயின; தினமும் தவறாமல் வருவது ஹார்லன் கார் ஒன்றுதான். டெனிஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சமையலறையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? இன்னொரு நாள் லேட்டானால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேற்பார்வையாளர் சொல்லியாயிற்று.

பின்னால் சைரன் கேட்டது.

"போச்சு, என் வேலை போச்சு!" என்றாள் டெனிஸ்.

ஹார்லன் ஓரம் கட்டினார். இளம் போலீஸ்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தான் இருக்கீங்கன்னு கேமரா சொல்லுதே?"

"அய்யோ, ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சேன் சார். அந்த நேரம் பார்த்து எண்ணிடுச்சு போல!" என்று பதறினாள் மரிசோல்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தார்.

"ஹார்லன் அங்கிள், நீங்களா? எங்கப்பாவும் நீங்களும் ஒண்ணாத்தானே ரிட்டயர் ஆனீங்க? அவர் இன்னும் போர்வையை விட்டு எழுந்திருக்கலை. நீங்க காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மாதான் தம்பி. விடுப்பா, இவங்களுக்கு நேரமாகுது."

கார் கிளம்பியது. டெனிஸால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கும் பென்டகன் வாசலில் சட்டத்தை மீறிக் கேட்டே விட்டாள்.

"சார், இந்தப் பக்கம் உங்களுக்கு வேலையே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு சார் இந்தப் பாடு?"

ஹார்லன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் உங்களை மாதிரி ரெண்டு பேர் ஏறினதாலதான் சாயந்திரம் சீக்கிரம் போய் என் பிள்ளைங்களோட சாப்பிட்டேன். இப்ப எனக்குத் தேவையில்லைன்னு வரிசையை மறந்துட முடியுமா?"

டெனிஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சார், நான் உங்களைப் பத்தி..." என்று ஆரம்பித்தாள்.

"பேச்செல்லாம் அப்புறம். சட்டுனு இறங்குங்க. அங்க வரிசையில இன்னும் ரெண்டு பேர் நின்னுட்டிருக்காங்க!"