கிணற்றடிப் பம்பை

"ஜல்தியா அடிச்சி முடிய்யா. பந்தல் வேலை அப்படியே கெடக்குது" என்றார் அப்பாதுரை.

பம்பைக்காரன் பெரியதம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பம்பையில் ஒரு அடி போட்டான். அந்தச் சத்தம் கிணற்றுக்குள் இறங்கித் திரும்பி வரும்வரை சும்மா நின்றான். பிறகுதான் இரண்டாவது அடி.

அப்பாதுரைக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அனந்தபுரத்து ஆள். சம்பந்தி தாண்டவராயன் சொல்லி அனுப்பி வரவழைத்தவன். யார் வரவழைத்தாரோ அவர் பக்கம்தான் அடிப்பான்.

மகன் நடராசனுக்கு நாளைக் காலையில் இரண்டாம் தாரம். பெண் வீட்டார் திண்டிவனம். தாண்டவராயன் ஒரே பிடியாக நின்றுவிட்டார். மூத்தவள் பூவோடும் பொட்டோடும் போனவள். அவள் போன இடத்திலேயே பம்பை அடித்து அழைக்க வேண்டும். யார் மேலாவது இறங்கி அவள் சரி என்று சொன்னால்தான் தன் பெண் கழுத்தை நீட்டுவாள். இல்லாவிட்டால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவோம் என்றார்.

மூத்தவள் காந்திமதி. நாலு வருஷம் வாழ்ந்தாள், பிள்ளை இல்லை. போன வருஷம், சீனாக்காரன் சண்டை நடந்த ஐப்பசியில், இந்தக் கிணற்றில் தவறி விழுந்தாள். பக்கத்தில் இருந்தது மாமனார் அப்பாதுரை ஒருவர்தான். தண்ணீர் இறைக்கிற கயிற்றை வீசினார். அவளும் பிடித்துக்கொண்டாள். பாதிக் கிணறு ஏறிவிட்டாள்.

அங்கே கயிறு அறுந்துபோனது, மல்லாக்க விழுந்தேன், அறுந்த முனை என் கையிலேயே இருந்தது என்று அப்பாதுரை ஊருக்கே சொல்லியிருக்கிறார். பாவம், மருமகளைத் தூக்கப் பார்த்தவர் என்று ஊரும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எதையும் அடுத்தவர் கையில் விடுகிற ஆள் இல்லை அவர். தங்கச்சி சின்னபொண்ணிடம் காலையிலேயே பேசி வைத்திருந்தார். பம்பை அடித்ததும் ஆடு. சம்மதம் என்று சொல். வேறு ஒரு வார்த்தை பேசாதே.

மூன்றாவது அடி விழுந்தது. சின்னபொண்ணு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "சம்மதம், சம்மதம்" என்று ஆட ஆரம்பித்தாள்.

பெரியதம்பி கையை நிறுத்தினான். "நான் இன்னும் பேர் சொல்லியே கூப்புடலியேம்மா. நீ யாரு, வழியில போனவளா?"

பெண் வீட்டுக் கூட்டம் சிரித்தது. தாண்டவராயன் மூடிய கையை நீட்டி, உள்ளே என்ன பூ என்று கேட்டார். வழக்கம் அது. வந்தவள் நிஜமானவள் என்றால் மறைத்த பூவைச் சொல்லிவிடுவாள். சின்னபொண்ணு மல்லி என்றாள். கை திறந்தது. சாமந்தி.

அப்பாதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்ணு குடுக்க வந்தீங்களா சம்பந்தி, போலீசு வெசாரணைக்கு வந்தீங்களா?"

"ஒருத்தி கெணத்துல வுழுந்த வூட்டுக்குப் பொண்ணு குடுக்கிறேன் சம்பந்தி. ரெண்டுக்குந்தான்."

பம்பை மறுபடி தொடங்கியது. முதலிலிருந்து. அதே ஒற்றை அடி.

அவருக்குத் தெரிந்த பம்பைக்காரர்கள் எடுத்த எடுப்பில் காதைக் கிழிப்பார்கள். அதில் பயமில்லை. சத்தம் பெரிதாக வந்தால் மனசு கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தத் திருட்டுப் பயல் ஒரு அடி போட்டுவிட்டு ஆளைக் காக்க வைக்கிறான். அடுத்தது எப்போது விழும் என்று காத்துக் கிடக்கிற நேரத்தில் மனசு சும்மா இருப்பதில்லை. தானாகவே எங்கெங்கோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

"காந்திமதி" என்று ஒரு தடவை பாடினான். குரலை உயர்த்தவில்லை. சோறு ஆறுகிறது, உள்ளே வா என்று வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி.

அடி கொஞ்சம் நெருங்கியது. ஒரு அடி, ஒரு மூச்சு. ஒரு அடி, ஒரு மூச்சு.

அந்தக் கணக்கு அப்பாதுரையின் தோளுக்குத் தெரிந்திருந்தது.

காறித் துப்பினார். துண்டை உதறினார். நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த அடி விழுந்துவிட்டது. அதற்கு அடுத்ததை அவரே எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தார்.

இன்னும் நெருங்கியது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நடராசன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"பெரியவரப் பாருங்க" என்றாள் ஒருத்தி.

அப்பாதுரையின் கைகள் முன்னே நீண்டிருந்தன. வலது கை இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தது. அடுத்த அடிக்கு இடது கை. அடிக்கு ஒரு இழுப்பு. கண் செருகியிருந்தது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. பாவம் மனுஷன், இன்னும் அவளைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். சின்னபொண்ணு இந்த முறை நிஜமாகவே அழுதாள். தாண்டவராயன்கூடச் சாமந்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பம்பை இப்போது கல்மழை மாதிரி கொட்டியது. கைகளும் அதே வேகத்தில் இழுத்தன. கயிறு அறுகிற இடம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மல்லாக்க விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு பேர் ஓடி அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

பெரியதம்பி சட்டென்று நிறுத்தினான்.

அப்பாதுரை விழவில்லை.

பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்தார். பிறகு நின்ற இடத்திலிருந்தே குனிந்து, தண்ணீர் அடங்குகிற வரைக்கும் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.