சாமி இல்லாத பூஜை அறை

இளவெயினியின் வீட்டில் யார் பாதி வாக்கியம் சொன்னாலும் மீதியை வீடே சொல்லிவிடும். அவள் முணுமுணுக்கும் கவிதை வரிக்கும் அதே கதிதான். பூஜை அறையில் மட்டும், பூஜை நடக்கும்போது வீடு பேசக் கூடாது என்பது சட்டம். அதனால், மூன்று தலைமுறையாகச் சாமி கும்பிடாத குடும்பத்தில் பிறந்தவள், துணி அலமாரிக்குப் பின்னால் இருந்த மூலையைப் பூஜை அறை என்று பதிவு செய்துவிட்டாள். உள்ளே ஒரு பாய், ஒரு பேனா, ஒரு மணி. ஒரு முறை ஆட்டினால் பூஜை தொடங்கியது என்று வீட்டின் வாய் மூடும். மறுபடி ஆட்டினால் முடிந்தது என்று திறக்கும். சாமி மட்டும் இல்லை.

“உங்கப்பா கறுப்புச் சட்டைக்காரரு. நீ என்னடான்னா மணி ஆட்டுற,” என்று கணவன் செங்குட்டுவன் கேலி செய்வான்.

போன வாரம், அவள் பாதியில் விட்டிருந்த வாழ்த்துக் கவிதையை அவன் வீட்டிடம் கொடுத்து முடிக்கச் சொல்லி, தன் தங்கை கல்யாணத்தில் இளவெயினியின் பெயரிலேயே வாசித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

இன்று அவனே அவள் பின்னால் உள்ளே வந்து, மணியை ஆட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தான்.

“வெயினி, நான் உங்கிட்ட...”

பழக்கத்தில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தான். கூரை பேசவில்லை.

“சொல்லுங்க,” என்றாள். தப்பும் தவறுமாக இரண்டு வார்த்தை வந்தால்கூட அவளுக்குப் போதும்.

அவன் உதடு அசைந்தது. கடைசியில் கையை நீட்டி மணியை எடுத்து ஆட்டினான்.

“...மன்னிப்புக் கேக்கணும். உன்னைக் கேக்காம செஞ்சது தப்பு,” என்றது வீடு, கனிவாக.

“ஆமா,” என்றான் செங்குட்டுவன் நிம்மதியாக. “அதேதான்.”