குளக்கரை வெடி

"குளத்துக்கரை தாண்டுறது வரைக்கும் ஒரு வெடிகூட போடாண்டாம் அண்ணே. கும்பிட்டுக் கேக்கேன்."

சரவெடியை விரித்துக்கொண்டிருந்த ஸ்டெனி நிமிர்ந்து பார்த்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண். பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்ட இளைஞன். பறவைகள் சரணாலயத்துத் தொண்டர்கள்! வெடி என்றாலே இந்தக் கூட்டம் மூக்கை நுழைத்துவிடும் என்று இரணியலில் கிளம்பும்போதே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"எளவுக்கு வெடி போட வந்தவன் நான். பொணம் பொறப்படுற நேரத்துல மெனக்கெடுத்தாத பிள்ளே."

"நாரை குஞ்சு பொரிச்சு நாலு நாளுதான் ஆகு. போன வருசம் ஒரு கல்யாண வெடியில தாய்ப்பறவையெல்லாம் பதறிப் பறந்துட்டு. குஞ்சுக தண்ணியில விழுந்து செத்து மிதந்துது. நாங்கதான் வாரி எடுத்தோம்." அவள் குரல் உடைந்தது.

வீட்டுப் பக்கமிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது. ஸ்டெனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. செத்துப்போன சிவதாணுவின் அண்ணன் பொன்னுலிங்கம் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "தம்பிக்கு ஆம்பளப்பிள்ள இல்ல. எனக்க மவன் அனீஷ்தான் கொள்ளி வைக்கான். போடுற வெடியில பூதப்பாண்டி ஊரே திரும்பிப் பாக்கணும், கேட்டியா?"

"அந்தப் பெரியவர்ட்ட போய்க் கேளு" என்றான் ஸ்டெனி.

"கால்ல விழுந்து கேட்டாச்சு. அசையமாட்டேங்காவ."

"அப்ப நான் என்ன செய்யட்டு?"

அவள் நகர்வதாக இல்லை. கண்கள் வேறு சிவந்து வீங்கிக் கிடந்தன. ராத்திரியெல்லாம் குளத்தில் காவல் கிடந்திருப்பாள், வேலை வெட்டி இல்லாத ஜென்மம்! ஸ்டெனிக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஒரு மனுசன் செத்துக் கெடக்காரு, ஒங்களுக்குக் கொக்கும் நாரையுமா பெருசு? ஒங்க வீட்டுல ஒரு சாவு விழுந்தா இப்பிடி வந்து நிப்பியளா?"

"என்ன பேச்சு பேசுதிய!" என்று பாய்ந்தான் இளைஞன்.

"விடு வினோஜ். அவிய கேட்டதுல தப்பில்ல." அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஸ்டெனியிடம் திரும்பினாள். "யாரு சொன்னா நிறுத்துவிய?"

இவளைத் துரத்தினால் போதுமென்றிருந்தது அவனுக்கு. "கொள்ளி வைக்கிற ஆளு சொல்லட்டு, நிறுத்துகேன். அதுக்கு மேல பெரியவரும் வாயத் தொறக்கப்பிடாது."

"வாக்கு மாறமாட்டியளே?"

"சொன்னா சொன்னதுதான், போ."

அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள். வினோஜும் பின்னாலேயே ஓடினான். ஸ்டெனிக்குச் சிரிப்பு வந்தது. அந்த அனீஷ் வாசலில் நின்று தானே மூன்று அணுகுண்டு வெடித்தவன். அவனா நிறுத்தச் சொல்வான்?

கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பக்கம் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. பொன்னுலிங்கத்தின் குரல் ஓங்கியது. பெண்களின் குரல்களும் சேர்ந்துகொண்டன. பிறகு எல்லாம் அடங்கி, மறுபடியும் சங்கு ஊதினார்கள். ஸ்டெனி அவசரமாக ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு திரியின் பக்கத்தில் குத்தவைத்தான்.

பாடை தெருமுனை திரும்பிக் குளக்கரைக்கு வந்தது. அனீஷ் தலையைக் குனிந்தபடி பாடைக்குத் தோள்கொடுத்து வந்துகொண்டிருந்தான்.

அப்படியானால் கொள்ளிச்சட்டி யார் கையில்? ஸ்டெனி எழுந்து எட்டிப் பார்த்தான்.

ஊர்வலத்துக்கு முன்னால், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நனைந்த புடவையும் கையில் கொள்ளிச்சட்டியுமாக வந்த அந்தப் பெண் அவன் முன்னால் நின்றாள்.

"கொள்ளி வைக்கது நான்தான் அண்ணே. எங்க அப்பாவுக்கு வெடி வேண்டாம்."