மூன்று தடவை பெயில்

"மூணு தடவை ஜெயிலுக்குப் போனவன் மக, மூணு தடவை பெயிலா?"

இசக்கிப்பாண்டி போட்ட சத்தம் மேலகரம் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. சுதந்திரப் போராட்ட மேடைகளில் பழகிய தொண்டை. போன சனிக்கிழமை தென்காசித் தேரடியில் பெண்கல்வி பற்றி இரண்டு மணி நேரம் முழங்கியதில் கொஞ்சம் கரகரப்பு வேறு.

ஞானப்பூ டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார வரல. இவ அஞ்சாங்கிளாஸ் பாஸானதும் கல்யாணம்னு புளியங்குடிக்காரங்களுக்கு வாக்குக் கொடுத்து மூணு வருஷமாச்சு. என்னத்தப் பாடம் நடத்துதீங்க? இந்தா, மனு எழுதிட்டேன். உங்கள இங்கேருந்து மாத்தாம விடமாட்டேன். கலெக்டருக்கே தலை குனியாதவன் நான்!"

டீச்சர் நடுவரிசைக்குப் போனார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நெடுநெடுவென்று உட்கார்ந்திருந்த அவர் மகள் ஆவுடைத்தாயின் நோட்டை எடுத்து நீட்டினார்.

பக்கம் பக்கமாகக் கணக்கு. எக்ஸும் ஒய்யுமாக.

இசக்கிப்பாண்டி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது மூணாம் பாரம் கணக்குல்லா? என் மகன் சங்கரபாண்டி தென்காசி ஹைஸ்கூல்ல இதை வச்சுக்கிட்டுத்தான முழிக்கான்?"

"அவன் எட்டாங்கிளாஸ்ல முழிக்கதை எல்லாம் இவதான் போட்டுக் கொடுக்கா."

"பெறவு எப்படி பெயில்?"

"பெரிய பரீட்சையில பேரை மட்டும் எழுதி வெள்ளைத்தாளை நீட்டுதா. நான் என்ன மார்க் போட? இந்தப் பள்ளிக்கூடம் அஞ்சோட முடியுது, அண்ணாச்சி. பையன் பாஸானா தென்காசிக்கு நடந்து போவான். பொம்பளப்பிள்ளை பாஸானா வீட்டுக்குத்தான் போகணும். அதான், பெயிலானாலும் இருந்துட்டுப் போகட்டும்னு மேல்பாடத்தை இங்கன வச்சே நடத்துதேன்."

ஆவுடைத்தாய் எழுந்தாள்.

"கள்ளுக்கடை வாசல்ல போலீஸ் அடிச்சும் எந்திரிக்காம உக்காந்திருந்தீங்கல்லாப்பா? அதே மாதிரிதான். இது மறியல்."

இசக்கிப்பாண்டிக்கு நெஞ்சு விம்மியது. மீசை துடித்தது. மனுவை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாத்தீங்களாலே? என் ரத்தம்! ஏட்டி, இவங்களுக்குக் கேக்கணும், சத்தமாச் சொல்லு. யாரை எதிர்த்து மறியல்? சர்க்காரைத்தான?"

அவளும் தலை குனியவில்லை.

"உங்களைத்தாம்ப்பா."