சோத்துக்கை

முதல் கவளத்தையே கன்னியப்பன் இடது கையால் பிசைந்தார்.

குழம்புச் சட்டியோடு குனிந்த அங்கம்மாவுக்குக் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஏதோ மறதி, அடுத்த கவளத்துக்குக் கையை மாற்றிக்கொள்வார் என்று பார்த்தாள். மாற்றவில்லை. வஞ்சிரத் துண்டைப் பிட்டார், முள்ளை எடுத்தார், வாயில் போட்டார். எல்லாம் இடது கைதான். பாதிச் சோறு இலைக்கு வெளியே விழுந்தது, குழம்பு வேட்டியில் வழிந்தது.

வந்திருப்பவர் மாப்பிள்ளைக்கு அப்பா. எண்ணூரிலிருந்து வந்த காரியம், கை நனைக்க. பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காத வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுகிற ஜனங்கள் அவர்கள்.

இந்த ஒரு வேளைக்காகப் பெண்ணின் அப்பா பொன்னுரங்கம் நல்ல அரிசி தேடி ராயபுரம் முழுக்க அலைந்திருந்தார். புழு நெளியும் ரேஷன் அரிசியைச் சம்பந்திக்குப் போட முடியுமா? மங்கைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் அப்புறம் ஊர் வாயை மூட முடியாது.

பந்தியில் மாப்பிள்ளைப் பையன், அவன் மாமன்கள், தெருப் பெரியவர்கள். கடைசி இலையில் மங்கையின் அண்ணன் கருணாகரன், உடம்போடு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அவன் அப்பால சாப்டுவான்" என்று பொன்னுரங்கம் எவ்வளவோ சொன்னார். கை அலம்பக் கொல்லைப் பக்கம் போன கன்னியப்பன்தான் அங்கே நின்றவனைத் தோளில் கைபோட்டு இழுத்துவந்து, "மச்சான்காரன் இல்லாத இன்னா பந்தி?" என்று உட்காரவைத்துவிட்டார். இவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷர் சாப்பிடுகிற லட்சணம் இது!

பந்தி மொத்தமும் அந்தக் கையையே பார்த்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு மானம் போயிற்று.

"நைனா, கை..." என்று மெல்ல இடித்தான்.

"தெரியும். நீ துன்னு" என்றார் கன்னியப்பன். ரசத்தையும் அதே கையில் வாங்கி உறிஞ்சினார். சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அங்கம்மா அடுக்களைக்குள் வந்து சட்டியை நங்கென்று வைத்தாள். பின்னாலேயே பொன்னுரங்கமும் வந்தார்.

"பாத்தியாய்யா? சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாத ஜென்மம்!"

"கத்தாதமே. காதுல வுழப் போவுது."

"வுழட்டும். பீச்சாங்கையால துன்ற ஆள நாலு பேரு நடுவுல குந்த வெக்கிறதா? கலீஜா கீது! அந்த வூட்டுக்கு எம் பொண்ண அனுப்பமாட்டேன்."

"கையில புண்ணு கிண்ணு இருக்கப் போவுது."

"இப்பதான் அந்தக் கையால சொம்பத் தூக்கித் தண்ணி குடிச்சாரு. கல்லு மாரி கீது."

பொன்னுரங்கத்துக்கும் உள்ளே கொதித்தது. வேண்டுமென்றே செய்கிறார். இல்லாதப்பட்டவன் வீடு என்கிற இளக்காரம். இல்லாதப்பட்டவனுக்கு ரோஷம் இருக்காதா?

சாப்பிட்டு முடித்த கன்னியப்பன் திருப்தியாக ஏப்பம் விட்டார். "கொயம்பு ஜோரா கீது தங்கச்சி" என்று அடுக்களையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். பொன்னுரங்கம் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"சோத்துக்கைக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லியே" என்று கன்னியப்பன் வலது கையை விரித்துக் காட்டினார். அதே கையால் தீக்குச்சி கிழித்துப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அதோடு தீர்ந்தது. வெற்றிலைத் தட்டை நீட்டினால்தானே சம்மதம்? நீட்டக்கூடாது. 'நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம்' என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட வேண்டியது. பொன்னுரங்கம் கண்ணைக் காட்ட, அங்கம்மா தட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்தாள்.

கதவோரம் நின்ற மங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் தலையிலிருந்த பூவைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள்.

பொன்னுரங்கம் எச்சில் இலை எடுக்க வந்தார். கன்னியப்பன் இலையை முகத்தைச் சுளித்துக்கொண்டே மடித்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசி இலைக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

கருணாகரனின் இலை. அதில் ஒரு பருக்கை இல்லை. மீன் முள் மட்டும் ஓரமாகக் கிடந்தது. இலையைச் சுற்றிலும் சோறு சிந்தியிருந்தது.

மரவாடி ரம்பம் அவனுடைய வலது கையை மணிக்கட்டோடு கொண்டுபோன நாளிலிருந்து அவன் ஆள் எதிரில் சாப்பிட்டதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, அடுக்களை மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவான். அப்படி உட்காரச் சொன்னவளே அங்கம்மாதான். வருகிறவர்கள் பார்த்தால் அருவருப்புப் படுவார்கள் என்று பயம்.

அவளும் இப்போது அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"பந்தியிலயாடா சாப்ட்ட?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆமா நைனா." கருணாகரன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "எல்லாரும் அவரையே மொறச்சிகினு இருந்தாங்க. என்ன ஒருத்தரும் பாக்கல."

அங்கம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.