கேப்டனுடன் ஒரு மாலை

முன்வரிசையில் இருந்தவரின் வெள்ளைச் சீருடையையும் தோளில் மின்னிய நாலு தங்கக் கோடுகளையும் பார்த்ததும் ஜெய்னுலாப்தீனின் கண் வாசலைத் தேடியது. இவர் ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி, நம் கேப்டன் பாய் ஜெய்னுலாப்தீன் பேச்சைக் கேட்கவே சென்னையிலிருந்து வந்திருக்கிறார் என்று காட்சியகப் பொறுப்பாளர் விஜயகுமார் மைக்கில் பெருமையாக அறிவித்துக்கொண்டிருந்தார். கம்பி நீட்டலாமென்றால், வாசலை அடைத்தபடி ஒரு உப்பு லாரி நின்றது.

மரக்காணத்துக் கடல் காட்சியகத்துக்கு ஆறு மாதமாக ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. துருப்பிடித்த நங்கூரத்தை எத்தனை தடவைதான் பார்ப்பார்கள்? கூட்டம் சேர்க்க விஜயகுமார் கண்டுபிடித்த வழிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி.

பேச வரும்படி அவர் ஜெய்னுலாப்தீன் வீட்டுக்கு வந்து அழைத்த நேரம் பார்த்துச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கேப்டன் வீட்டில் பெண் எடுக்கிறோம் என்று பாண்டிச்சேரி முழுக்கச் சொல்லிவைத்திருக்கும் மனிதர். அவர் எதிரில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் ஜெய்னுலாப்தீன் துபாய்த் துறைமுகக் கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் டீ போட்டவர். டீ குடிக்க வந்த ஒரு கேப்டனின் தொப்பியை வாங்கி மாட்டி, விளையாட்டாக ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். அடுத்த லீவில் வந்து இறங்கியபோது ஊரே கேப்டன் பாய் என்றது. கேட்க நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. மனைவி சைத்தூன் பீவிக்கே இன்றுவரை தெரியாது.

மகள் ஹுமாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் பத்தே நாள். இரண்டாம் வரிசை முழுக்கச் சம்பந்தி வீட்டார். அவர்களுக்கு நேர் முன்னால் அந்த அதிகாரி. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும். அந்தக் கப்பலுக்குக் கேப்டனும் தேவைப்படாது.

கேன்டீனில் காதில் விழுந்ததை எல்லாம் அள்ளிவிட்டார். புயல், கடற்கொள்ளையர், சூயஸ் கால்வாய். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது, அங்கேதான் சறுக்கினார்.

“ஒரே பனி. எதிர்ல மலையாட்டம் இன்னொரு கப்பல் வருது. அப்படியே பிரேக்க மிதிச்சேன் பாருங்க.”

கப்பலுக்கு ஏது பிரேக் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைசி வரிசையில் எக்கியார்குப்பத்து மீனவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நல்லவேளை, பாய் ஜோக்கடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில், பல்லைக் கடித்தபடி, வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தார். சரியான கோபம் என்றுதான் ஜெய்னுலாப்தீனுக்குப் பட்டது.

இரண்டு வார்த்தை பேசும்படி விஜயகுமார் அதிகாரியிடம் மைக்கை நீட்டினார். அவர் எழுந்து, எல்லாம் சரியாகத்தான் சொன்னார் என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று அதிகாரி சைகை காட்டிவிட்டு, மூலையில் நிறுத்தியிருந்த பழைய படகுக்குப் பின்னால் போனார்.

சபையில் விட்டுக்கொடுக்காதவர் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நிக்காஹ் முடிகிறவரை பொறுத்துக்கொள்ளும்படி காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஜெய்னுலாப்தீன் படகைச் சுற்றிப் போனார்.

“சார், நான் ஒரு உண்மையச் சொல்லிடுறேன்” என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அதிகாரி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வேணாம் கேப்டன் சார். மீன்காரங்க சிரிச்சப்பவே புரிஞ்சிடுச்சு, பிரேக்குன்னு சொல்லி நீங்க என்னைத்தான் சோதிச்சீங்கன்னு. கூட்டம் வரணும்னு விஜயகுமார் சார்தான் இந்த டிரெஸ்ஸ மாட்டி உக்கார வெச்சாரு. நான் உப்பு லாரி டிரைவருங்க, காட்டிக் குடுத்துடாதீங்க.”