அரங்கு நிறைந்தது

முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். ஓர் ஆள் இல்லை.

தியேட்டர் கதவைச் சாத்திவிட்டு மேனேஜர் வெளியே வந்தார். மேட்னி தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

கவுன்டருக்கு மேலே பலகை தொங்கியது. அரங்கு நிறைந்தது.

அதைப் படமெடுத்துச் சென்னைக்கு, தயாரிப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. "சூப்பர் சார். சாயங்காலம் போஸ்டர்ல போட்டுர்றோம்." கூடவே மூன்று தீப்பிழம்பு எமோஜிகள்.

பதினேழு வருடமாக அவர் இங்கே மேனேஜர். அந்தப் பலகையை மாட்டுகிற நாட்களில் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போவார். இன்று மாட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

இரண்டு நாட்களாக எல்லாக் காட்சிகளின் டிக்கெட்டுகளையும் தயாரிப்பாளர் தரப்பே ஆன்லைனில் மொத்தமாக வாங்கிவிடுகிறது. வசூல் நிலவரம் எழுதுகிறவர்கள் திருநெல்வேலிக்கு வந்து கதவைத் திறந்து பார்க்கவா போகிறார்கள்? கைபேசியில் இருக்கைகளின் நிறத்தைப் பார்ப்பார்கள். விற்றுப்போனது சாம்பல் நிறம்; எல்லாம் சாம்பலாகிவிட்டால் படம் வெற்றி.

தியேட்டர் முதலாளிக்குச் சிரிப்பு.

"காத்தாடுனாலும் காசு வந்துட்டுல்லா. உமக்கு என்னவே நோவுது?"

மேனேஜர் வாசலுக்கு வந்தார்.

வாசலில் வயதான கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். பஸ்ஸில் கசங்கிய உடுப்பு. அவள் கையில் மஞ்சப்பை.

"டிக்கெட் இல்லம்மா" என்றார் மேனேஜர்.

"வள்ளியூர்லருந்து வாரோம், சார். படத்துல எம்மவன் பேரு போடுதாவளாம். மாசானமுத்து. லைட்மேனா இருந்தான். இந்தப் பட சூட்டிங்லதான் மேலருந்து விழுந்து…"

அவள் முடிக்கவில்லை.

கணவர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நெறஞ்சிட்டாம் புள்ள. அம்புட்டு சனமும் நம்ம பய பேரப் படிக்கப் போவுது. நாம நாளைக்கு வருவோம்."



நாளையும் இதே பலகைதான். நாளை மறுநாளும்.

"நில்லுங்க அண்ணாச்சி" என்றார்.

விளக்குகள் அணையும்வரை காத்திருந்தார். பிறகு கைபேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் பிடித்து இருவரையும் உள்ளே அழைத்துப் போனார். முதல் வரிசையில் உட்காரவைத்தார். பின்னால் இருப்பது அவர்கள் கண்ணில் பட வேண்டாம்.

கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்துகள்.

மாசானமுத்துவின் நினைவுக்கு.

மூன்று நொடி இருக்கும்.

அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அடுத்து கதாநாயகனின் பெயர் வந்தது. ஒலிபெருக்கிகளில் விசில் பறந்தது. அதையும் படத்தோடு சேர்த்தே பதிந்திருந்தார்கள்.

திரையில் பளீரென்று ஓர் உச்சி வெயில்.

அந்த வெளிச்சம் கடைசி வரிசைவரை போயிற்று.

விசிலடித்தவர்களைப் பார்க்கக் கணவர் திரும்பினார்.

திரும்பியபடியே இருந்தார். வரிசை வரிசையாக மடங்கிக் கிடந்த இருக்கைகள். கதவோரம் மேனேஜர்.



முந்தானைக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"பய பேரு வந்தப்போ எல்லாரும் எந்திச்சு நின்னாவளா?"

"ஆமா புள்ள" என்றார் அவர். "எல்லாரும் நின்னாவ."

சொல்லும்போது அவர் கண் மேனேஜரைவிட்டு அகலவில்லை.